ஆறு நாற்பதுக்கு எரிய வேண்டிய விளக்குகள்

எங்கள் பக்கத்தில் ஒரு கல்யாணம் நிச்சயமானால், போதகருக்குச் சொல்வதற்கு முன்னால் என் அண்ணன் ஆர்விட்டுக்குச் சொல்லிவிடுவார்கள். போதகர் எந்தச் சனிக்கிழமையும் சும்மாதான் இருப்பார். அண்ணன் அப்படியில்லை. மே மாதம் பனி கரைந்ததிலிருந்து அக்டோபர் வரை அவனுக்கு ஒரு சனிக்கிழமை ஒழியாது. ஏரிக்கரையில் சடங்கு, வைக்கோல் கொட்டகையில் விருந்து, தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் நடனம், எதுவானாலும் விளக்கு அவன் பொறுப்பு.

மணப்பெண்கள் போனைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கூரை முழுக்க சீரியல் பல்பு தொங்குகிற படங்களாகக் காட்டுவார்கள். இவன் ஒவ்வொரு படத்துக்கும் தலையாட்டுவான். ஆட்டி முடித்துவிட்டு, காபிப் பாத்திரத்தை எந்தப் பிளக்கில் சொருகப் போகிறீர்கள் என்று கேட்பான். அந்தப் பெண் திருதிருவென்று முழிக்கும். எங்கள் ஜனங்கள் மோதிரம் தொலைந்துபோனால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள், காபி இல்லையென்றால் எழுந்து போய்விடுவார்கள். நூறு கோப்பைப் பாத்திரம் இரண்டு ஒரே லைனில் சூடானால் பிரேக்கர் விழுந்து, மாப்பிள்ளை, கேக், பாட்டுக்காரர்கள் எல்லோரும் இருட்டில் நிற்க வேண்டியதுதான். அதனால் காபிக்குத் தனி லைன் இழுத்த பிறகுதான் அவன் முதல் பல்பைத் தொடுவான்.

அடுத்தது முகம். "கூரைக்கு எதுக்கு இவ்வளவு வெளிச்சம்? கூரையா கல்யாணம் பண்ணிக்குது?" என்பான். மேசைக்கு மேசை சின்ன விளக்கு வைப்பான், உட்கார்ந்திருப்பவரின் கன்ன உயரத்துக்கு. ஊதா வெளிச்சம்தான் வேண்டும் என்று ஒருத்தி ஒற்றைக்காலில் நின்றபோது, அந்த விளக்கை அவள் அம்மாவின் முகத்தில் அடித்துக் காட்டினான். செத்தவள் மாதிரி இருந்தாள். அதோடு ஊதாப் பேச்சு நின்றது.

நான் ஹெல்மி, அவனுக்கு நாலு வயது இளையவள். பதினொரு வருஷமாக அவனுக்கு ஏணி பிடிக்கிறேன். என் புருஷன் காலமாகிவிட்டார். அண்ணன் வீட்டுக்கு எதிரே, சாலையின் இந்தப் பக்கம் என் வீடு. எனக்கு வாய் நீளம் என்று ஊரில் பெயர். அவன் வாயே திறப்பதில்லை, அவனுக்கும் சேர்த்து நான் பேச வேண்டியிருக்கிறது, என்ன செய்ய?

அவன் கல்யாணமும் எங்கள் குடும்பப் பண்ணையில்தான் நடந்தது, முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால். விருந்து தொடங்குகிற நேரம் பார்த்துக் காற்றில் கம்பம் சாய்ந்து கரண்ட் போய்விட்டது. ஆண்கள் வண்டிகளை வட்டமாக நிறுத்தி ஹெட்லைட்டைப் போட்டார்கள். அதன் நடுவில் ஆடினார்கள். இன்றைக்கும் ஊரில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். மணப்பெண் கொரீன் மட்டும் கண் கூசி, ஒரு கையை நெற்றியில் வைத்துக்கொண்டே ஆடினாள். முடித்து வந்து அண்ணனிடம், "யாரோட ஆடினேன்னே தெரியலை. உன் முகமே தெரியலை, வெறும் கருப்பா நிக்கிறே," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஒரு நாள் முகம் தெரிகிற மாதிரி விளக்குப் போட்டுக் காட்டுகிறேன் என்று அவன் சொன்னான். பக்கத்தில் நின்று கேட்டேன்.

அந்த ஒரு நாள் வரவில்லை. அப்போது அவன் செம்புச் சுரங்கத்தில் எலெக்ட்ரீஷியன். குளிர்காலத்தில் விடிவதற்கு முன்னால் இறங்கி, இருட்டிய பிறகு மேலே வருவான். சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அப்புறம் காகித ஆலையில் ராத்திரி ஷிப்ட், பகலெல்லாம் தூக்கம். எங்கள் ஊரில் டிசம்பரில் நாலரைக்கே இருட்டிவிடும். அந்த இருட்டு கொரீனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நவம்பர் வந்தால் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். பேச்சு குறையும், சாப்பாடு குறையும். இவனுக்கோ ஆறுதலாக நாலு வார்த்தை பேசத் தெரியாது. இப்படியே இருபத்து நாலு வருஷம். பிறகு ஒரு மார்ச் மாதம், அரிசோனாவில் இருக்கிற தன் அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனாள். திரும்பவில்லை. சண்டை கிடையாது, வேறு ஆள் கிடையாது. சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தாலாவது எனக்கு மனசு ஆறியிருக்கும்.

அவள் போன அந்தக் கோடையில்தான் அண்ணன் முதல் கல்யாணத்துக்கு விளக்குப் போட்டான். நான் ஒரு மக்கு, இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குப் பத்து வருஷம் ஆயிற்று. எனக்குத் தெரிந்ததெல்லாம், அண்ணன் இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைத்ததுதான். அதற்கப்புறம் நான் அவளை அண்ணி என்று சொன்னதில்லை. அந்த அரிசோனாக்காரி என்றுதான் சொல்வேன்.

அவர்களுடைய ஒரே பெண் கிர்ஸ்டிக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, கல்யாண நாளுக்கு ஒரு வருஷத்துக்கும் மேல் இருந்தது. மறுமாதம், கல்யாணத்துக்குச் சரியாக ஒரு வருஷம் முன்னால், அதே செப்டம்பர்ச் சனிக்கிழமையில், அண்ணன் பண்ணை வயலில் கைக்கடிகாரத்தோடு போய் நின்றான். வயலோரத்து மேப்பிள் மரத்தின் நிழல் எந்த மணிக்கு எங்கே விழுகிறது என்று பார்த்துப் பார்த்து முளைக்குச்சி அடித்தான். குச்சியில் மணியை எழுதினான். அடுத்த வருஷம் ஐந்து மணிக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் எங்கே நின்றால் கண் கூசாது என்பதற்காக. மேற்கே தேவதாரு மேட்டுக்குப் பின்னால் சூரியன் ஆறரைக்கு இறங்குவதையும் குறித்துக்கொண்டான். பனிக்காலம் முழுக்க அந்தக் குச்சிகள் வயலில் நின்றன. கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டினான்.

ஜூன் மாதம் கிர்ஸ்டி வந்து, அம்மா வருகிறாள் என்றாள். ஒரே ஒரு நாள். கொரீனின் தொண்ணூற்றொரு வயதுத் தாய் படுக்கையில் இருக்கிறாள், பக்கத்து வீட்டுக்காரி ஒரு ராத்திரிதான் பார்த்துக்கொள்வாளாம். அதனால் கல்யாணத்தன்று மதியம் வந்து, அன்றைக்கே ஒன்பது மணி விமானத்தில் திரும்பிவிடுவாள். மறுநாள் அண்ணன் ஐம்பது மைல் போய் ஒரு நீலச்சட்டை வாங்கிக்கொண்டு வந்தான். பிறகு முதலில் போட்ட திட்டத்தைக் கிழித்துவிட்டு வேறு போட்டான். பழைய திட்டத்தில், விருந்து நடக்கப் போகும் பண்ணைக் கொட்டகையின் விளக்குகள் நன்றாக இருட்டிய பிறகு எரிவதாக இருந்தது. புதிதில் ஆறு நாற்பது. சூரியன் மேட்டுக்குப் பின்னால் போய்ப் பத்தே நிமிஷம். அவள் ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டும், அதற்குள் இருபது நிமிஷம் பார்த்துவிடுவாள் என்று கணக்கு.

இங்கே நேர விஷயம் ஒன்று இருக்கிறது. பண்ணைக்குக் கிழக்கே ஒரு ஓடை, நாட்டின் இரண்டு நேர மண்டலங்களுக்கு அதுதான் எல்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் கடிகாரம் ஒரு மணி முன்னால் ஓடும். அதை வேகநேரம் என்போம், எங்களுடையதை மெதுநேரம். எங்கள் வீடுகளில் அடுப்புக்கு மேல் இரண்டு கடிகாரமும் மாட்டியிருக்கும். பல் டாக்டர் வேகநேரம், பள்ளிக்கூடம் மெதுநேரம். பிறந்ததிலிருந்து கூட்டிக் கழித்தே வளர்ந்தவர்கள் நாங்கள், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சரியாகச் சொல்வோம்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் அண்ணன் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். குளிர்ப்பெட்டிக் கதவில் அந்தத் திட்டத்தாள் ஒட்டியிருந்தது. எந்த மணிக்கு எந்த விளக்கு, யார் சுவிட்ச் பக்கத்தில் நிற்பது, எல்லாம் பென்சிலால் கட்டம் கட்டி எழுதியிருந்தான். கடைசி வரி: கொரீன், விமானம் 9, புறப்படுவது 7. ஒரு நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. விமான நிலையம் ஓடைக்கு அந்தப் பக்கம், ஒன்றரை மணி நேரத் தூரம். டிக்கெட்டில் இருக்கும் ஒன்பது, வேகநேர ஒன்பது. நமக்கு எட்டு. அப்படியானால் அவள் ஆறு மணிக்கே கிளம்பியாக வேண்டும். ஆறு மணிக்கு வெயில் அடித்துக்கொண்டிருக்கும். தாள் முழுக்க மெதுநேரம், அந்த ஒரு வரி மட்டும் வேகநேரம். அறுபத்தோரு வயது வரைக்கும் ஒரு தடவைகூடத் தப்பாதவன், அவள் பெயரை எழுதும்போது கழிக்க மறந்துவிட்டான்.

நான் சொல்லவில்லை. காபியைக் குடித்து முடித்தேன், கோப்பையைக் கழுவி வைத்தேன், சாலையைத் தாண்டி வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்த அரிசோனாக்காரி வரட்டும், வெயிலில் அணைந்த பல்புகளைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். விளக்கு எரிவதைப் பார்த்த பிறகும் அவள் மறுபடி போய்விட்டால் அண்ணன் என்ன ஆவான் என்ற பயமும் இருந்தது. இதில் எது பெரிது என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. பத்து நாளும் ஏணியைப் பிடித்துக்கொண்டு, மேலே அவன் பல்பு மாட்டுவதைப் பார்த்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு அவள் மதியம் வந்து இறங்கினாள். வெயிலில் கறுத்து, இளைத்து, முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு, "ஹெல்மி, நல்லா இருக்கியா?" என்றாள். நான் கம்பம் மாதிரி நின்றேன். இருக்கேன் என்றேன், அவ்வளவுதான். அண்ணன் அவளைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினான். அவள் ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் ஜெனரேட்டரைப் பார்க்க வேண்டும் என்று போய்விட்டான். ஜெனரேட்டருக்கு ஒரு கேடும் இல்லை.

ஐந்து மணிக்கு மேப்பிள் நிழல் சரியாகக் குச்சிகளின்மேல் வந்து நின்றது. கிர்ஸ்டியும் மாப்பிள்ளை நோலனும் அதில் நின்றார்கள். கண் சுருக்காமல், தெளிவாக, இரண்டு பேர் முகமும் அவ்வளவு அழகு. சடங்கு முடிந்து வெளியே நீள மேசைகளில் காபியும் ஏலக்காய் ரொட்டியும் கொடுத்தார்கள். கொரீன் ஒரு ஓரமாக உட்கார்ந்து கொட்டகைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் அவள் பக்கம் போகவே இல்லை. கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வந்தான். நீலச்சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. என்னிடம் வந்து, கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, "இன்னும் ஒரு மணி அஞ்சு நிமிஷம்," என்றான். அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

அவன் தோளுக்குப் பின்னால், கொரீன் எழுந்து கைப்பையைத் தேடத் தொடங்கியிருந்தாள். கிர்ஸ்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றாள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அண்ணே, அந்த ஏழு மணி வேகநேரம். அவங்க ஆறு மணிக்குக் கிளம்பியாகணும்."

அவன் பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தான். அந்த வரியைப் பார்த்தான்.

"எனக்குப் பத்து நாளாத் தெரியும்," என்றேன். "நான்தான் சொல்லலை."

ஒரு அடி அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான், அவ்வளவுதான். பிறகு திரும்பிச் சூரியனைப் பார்த்துக்கொண்டு நின்றான், அதை எப்படியாவது கீழே இறக்க முடியுமா என்று யோசிக்கிறவன் மாதிரி. அது தேவதாரு மேட்டுக்கு மேலே இரண்டு ஆள் உயரத்தில் நின்றது.

அப்போதுதான் எனக்குக் கறுப்புத் தாள் ஞாபகம் வந்தது. சாயங்கால வெயில் பலகை இடுக்குகளில் நுழைந்து விருந்தாளிகள் முகத்தில் கோடு கோடாக விழக் கூடாது என்று, கொட்டகையின் இடுக்கையெல்லாம் அவன் உள்ளேயிருந்து கறுப்பு பிளாஸ்டிக் தாளால் அடைத்திருந்தான். ஒரு வாரம் நான் ஏணியைப் பிடித்திருந்தேன், எனக்குத் தெரியாதா? கதவைச் சாத்தினால் உள்ளே ராத்திரிதான்.

"நீ போய் சுவிட்ச் கிட்ட நில்லுண்ணே," என்றேன். "நான் அண்ணியைக் கூட்டிட்டு வரேன்."

கொட்டகைக்குள் தட்டு வைத்துக்கொண்டிருந்த பெண்களையெல்லாம் வெளியே விரட்டினேன். மாப்பிள்ளையின் பெரியம்மா, இன்னும் நாப்கின் மடிக்கவில்லையே என்றாள். நாப்கின் இல்லாமல் யாரும் செத்துவிட மாட்டார்கள் என்று அவளையும் தள்ளிக்கொண்டு வந்தேன். பிறகு ஓடிப்போய்க் கொரீன் கையைப் பிடித்தேன்.

"பத்து நிமிஷம் வாங்க அண்ணி."

"ப்ளேன் போயிடும் ஹெல்மி."

"போகாது. அண்ணன் ஒரு வருஷமா இதுக்காகத்தான் குச்சி அடிச்சுக்கிட்டு இருந்தான். பத்தே பத்து நிமிஷம்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் தானே முன்னால் நடந்தாள். உள்ளே போனதும் கதவு இரண்டையும் இழுத்துச் சாத்தி, திறந்துகொள்ளாமல் கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். நல்ல இருட்டு. அவள் மூச்சு விடுவது கேட்டது. இந்த இருட்டு தாங்காமல்தானே ஓடினாள், மறுபடி அதற்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டேனே என்று ஒரு கணம் எனக்கே பயமாகிவிட்டது.

விளக்கு மெதுவாக வந்தது. முதலில் மேசை விளக்குகள், ஒவ்வொரு வரிசையாக, கன்ன உயரத்தில் மஞ்சளாக. பிறகு சுவரோரத்து விளக்குகள். கூரை இருட்டிலேயே இருந்தது. அண்ணன் சுவிட்சை விட்டுவிட்டு வந்து மேசைகளுக்கு நடுவில் நின்றான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொப்பியைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் அவனுக்கு எதிரே போய் நின்றாள். அலங்காரம் எதையும் அவள் பார்க்கவில்லை. வெகுநேரம் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு அவன் கண்ணுக்குக் கீழே விரலை வைத்தாள்.

"இது என்ன, நீலமா?"

"கல்லுத்தூள். சுரங்கத்துல தெறிச்சது, உள்ளேயே தங்கிடுச்சு."

"எப்ப?"

"கிர்ஸ்டி பிறக்கறதுக்கு முன்னாடி."

அவள் விரலை எடுக்கவில்லை. "நான் பார்த்ததே இல்லையே ஆர்விட்."

"நான் வெளிச்சத்துல நிக்கவே இல்லையே," என்றான் அவன்.

அவள் அழுதாள். அங்கே போன முதல் வருஷமே அவன் முகம் தனக்குச் சரியாக ஞாபகம் வரவில்லை என்றும், கல்யாணப் படத்தில்கூட அவன் ஹெட்லைட்டுக்கு முன்னால் நிழலாகத்தான் நிற்கிறான் என்றும், அதை வைத்துக்கொண்டு எத்தனையோ நாள் உட்கார்ந்திருந்ததாகவும் சொன்னாள். போகாதே, இரு என்று அண்ணன் இப்போது சொல்லிவிடுவான் என்று நான் கயிற்றைப் பிடித்தபடி காத்திருந்தேன். சொல்லடா, இப்போதாவது வாயைத் திறடா என்று மனசுக்குள் கத்தினேன். அவன் தன் கடிகாரத்தைப் பார்த்தான்.

"உங்க அம்மா தனியா இருப்பாங்க. கிளம்பு," என்றான்.

கதவை அவனே வந்து திறந்தான். வெயில் உள்ளே பாய்ந்ததும் அத்தனை விளக்கும் எரிகிறதா இல்லையா என்றே தெரியாமல் போயிற்று. அவள் வண்டி சாலை வளைவில் மறைகிறவரை நின்றான். அப்புறம் போய் எல்லாவற்றையும் அணைத்தான். ஆறு நாற்பதுக்கு, தாளில் எழுதியிருந்தபடி, மறுபடி போட்டான். விருந்தாளிகள் கை தட்டினார்கள். அவன் அதற்குள் வெளியே சாலையோரம் போய் நின்றிருந்தான்.

அதற்கடுத்த இரண்டு சனிக்கிழமையும் அவன் ஏணி பிடிக்க வேறு ஆளைக் கூட்டிக்கொண்டு போனான். எனக்கு அது வேண்டியதுதான். மூன்றாம் சனிக்கிழமை என் வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தான். ஏறி உட்கார்ந்துகொண்டேன். அந்தப் பத்து நாளைப் பற்றி அவன் அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்டதில்லை.

டிசம்பர் வந்தது. நாலரைக்கு இருட்டியது. ஒரு நாள் எதிர்வீட்டுச் சமையலறை ஜன்னல் வழக்கமில்லாமல் பளிச்சென்று இருந்தது. என்னவோ ஏதோ என்று பனியில் கால் புதையப் புதைய ஓடினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மேசைமேல் இரண்டு கல்யாண விளக்குகள், இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று, கன்ன உயரத்தில். நடுவில் அண்ணன், சவரம் செய்த முகத்தோடு, அந்த நீலச்சட்டையில். காபி டப்பாவில் போனைச் சாய்த்து வைத்திருந்தான். போனில் அரிசோனா வெயில். அதில் கொரீன். நான் சத்தம் காட்டாமல் திரும்பிவிட்டேன்.

தினமும் நாலரைக்குக் கூப்பிடுகிறாள், எங்கள் மெதுநேரத்தில், ஒரு நிமிஷம் தப்பாமல். அவள் அம்மா இன்னும் இருக்கிறாள். கொரீன் வருவாளா என்று நான் கேட்பதில்லை. தினமும் என்னதான் பேசுகிறீர்கள் என்று மட்டும் ஒரு நாள் கேட்டேன்.

"பெருசா ஒண்ணும் இல்லை," என்றான். "பார்த்துக்கறோம்."

நாலரை ஆனதும் என் சமையலறை விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலோரம் நிற்கிறேன். எதிரே வெளிச்சம் வந்த பிறகுதான் என் அடுப்பைப் பற்றவைக்கிறேன்.